பிடி அரிசி

மெய்ஞ்ஞானபுரத்தைச் சுற்றியுள்ள செம்மண் தேரியில் பனைதான் பிழைப்பாக இருந்தது. பதனீர் இறங்கும் மாதங்களில் அதைக் காய்ச்சும் விடிலி அடுப்பு அணையாது; கருப்பட்டி விற்ற காசு கையில் புழங்கும். ஆவணி கழிந்து பாளை ஓய்ந்தால், அடுத்த பருவம் வரை கடன்தான். மரத்திலிருந்து விழுந்தவர் வீட்டுக்கு அடுத்த பருவமும் நிச்சயமில்லை. அந்த ஜனங்களுக்கு நடுவில்தான் மிஷனரி ஜான் தாமஸ் கட்டிய பரிசுத்த பவுல் ஆலயம் 192 அடிக் கோபுரத்தோடு நிற்கிறது. ஊருக்கு வருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்கு ஆச்சியின் அடுக்களையில் இருந்த மண்பானைதான் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

உலையில் போட அரிசியை அளந்ததும், அதிலிருந்தே ஒரு பிடி அள்ளி அந்தப் பானையில் போடுவாள் ஆச்சி. காணிக்கை அரிசி. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பருவம் ஓய்ந்த ஐப்பசி மாதத்திலும் அந்தக் கை நின்றதில்லை. அளந்ததே கால்படி இருக்கும். பிடி மட்டும் சிறுக்காது. "நமக்கே பத்தாதே ஆச்சி" என்று கேட்டால், "இதுவும் இல்லாத வீடு ஒண்ணு இருக்கும்லா" என்பாள். உலை கொதிக்கிற நேரத்துக்குள் அவள் சொல்லி முடிக்கும் கதை சாறிபாத் விதவையுடையது. பானையில் கடைசியாக ஒரு பிடி மாவை வைத்துக்கொண்டு, எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்தவள். ஆச்சி அவளைப் பக்கத்துத் தெருக்காரி மாதிரியே பேசுவாள்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் கஷ்டப்படுகிறவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார்கள். கடன் கொடுத்தவர் பேரும் அதில் வரும். நாளைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இருந்ததில்லை. ஆனாலும் தூக்கம் வந்தது. அந்தத் தூக்கத்துக்குத்தான் ஏங்குகிறேன்.

சென்னையில் எங்கள் வீட்டில் அரிசி சிப்பமாக வந்து இறங்குகிறது. என் வீட்டுக்காரருக்கு வேலை போன பிறகு, இரவு வெகுநேரம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறோம்: வாடகை, பள்ளிக் கட்டணம், அத்தையின் மருந்து. ஜெபிக்கிறோம், ஆனால் அவரவர் மனதுக்குள். ஞாயிறன்று காணிக்கை கைபேசி வழியாகப் போய்விடுகிறது. கொடுப்பதில் குறையில்லை. ஆனால் பசியை வைத்துக்கொண்டு, அந்தப் பசிக்கு உரிய அரிசியிலேயே ஆச்சி கைவைத்து எடுத்துக் கொடுத்தாளே, அந்தத் துணிவு அனுதின சமையலில் பழகிப் பழகி வந்தது. பிரசங்கம் கேட்டு மட்டும் அது வராது என்பது என் எண்ணம்.

ஆச்சி எடுத்து வைத்தது போலவே, மிசோரம் சபைகளில் 1910இல் தொடங்கிய பிடி அரிசிக் காணிக்கை இன்றும் நடக்கிறது. அந்த அரிசியை விற்றுத்தான் ஊழியங்களுக்குப் பெரும்பணம் சேர்க்கிறார்கள். நம் தென்மாவட்டச் சபைகளிலும் பெண்கள் ஐக்கியங்கள் இதை மறுபடி கையில் எடுக்க வேண்டும். பண வரவுக்காகக் கேட்கவில்லை. வேலை போன வீட்டிலும், நோயாளி படுத்திருக்கும் வீட்டிலும், சோறு பொங்கும்போதெல்லாம் ஆண்டவரை நம்பி ஒரு பிடி எடுத்து வைக்க நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்துப் பழகட்டும்.