ஆறாவது பல்

நம்மூர்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் கடைசிவரை வாசியுங்கள். அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் கேட்டு, அவ சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஒரு மகன். ஏழு வயது. வாய் ஓயாமல் கதைக்கும் பிள்ளை, ஒருநாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு மேசையில் படுத்துக் கிடந்தான். இடைவேளைக்குக் கொண்டு வந்த ரொட்டியைத் தொடவேயில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, போன் டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்பாய் ஒரு குழி. பக்கத்து முரசும் வீங்கியிருந்தது.

உம்மாவை வரச் சொன்னேன். "ரெண்டு மூணு நாளா இரவையில அழுவுறான் டீச்சர். கராம்பு வெச்சுப் பார்த்தேன். பால் பல்லுதானே, விழுந்து வேற முளைக்கும்தானே?" என்றா. வாப்பா இரவில் கடலுக்குப் போறவர், வீட்டில் கைப்பிள்ளை வேறு. அவவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் நானும் அதைப் பால் பல் என்றுதான் நினைத்தேன்.

பல் கிளினிக்கில் அது பால் பல் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். ஆறு வயதளவில் முளைக்கும் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல்லாம். குழி வேர்வரை போயிருந்ததால் கழற்ற வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் இனி வேறு பல் முளைக்காது. அறுபது வயதுவரை சோறு மெல்ல வேண்டிய பல்லை ஏழு வயதிலேயே இழந்துவிட்டான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மகளைக் கதிரையில் இருத்தி டோர்ச் அடித்தேன். அதே இடத்தில், அதே பல்லில் மண்ணிறமாய் ஒரு புள்ளி. பிள்ளைகளுக்குச் சுகாதாரம் படிப்பிக்கிற டீச்சரின் பிள்ளை!

அந்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. என் வகுப்பு அலுமாரியில் இருந்த டொபி டின்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. சரியான விடைக்கு ஒரு டொபி, அழகான எழுத்துக்கு ஒரு டொபி. கல்வியியற் கல்லூரியில் படித்து வந்த நாளிலிருந்து என் பழக்கம் அது. பிள்ளைகளை உற்சாகப்படுத்துகிறேன் என்றே நினைத்திருந்தேன்.

சீனி பல்லில் பட்டதும் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக மாற்றுகின்றன. சுமார் அரை மணி நேரம் அந்த அமிலம் பல்லைக் கரைக்கும். பிறகு எச்சில் கொஞ்சம் கொஞ்சமாய் அதைச் சரிசெய்யும். ஆகவே எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிய விஷயம். சோற்றுக்குப் பிறகு ஒரேயடியாகத் தின்கிற இனிப்பைவிட, மணிக்கொரு டொபி மோசம். தூக்கத்தில் எச்சிலும் குறைந்துவிடும். அதனால் சீனி போட்ட பால்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அப்படியே தூங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

சரி, அந்தப் பல்லை எப்படி அடையாளம் காண்பது? பால் பற்கள் மொத்தம் 20. மேலே பத்து, கீழே பத்து. அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஐந்து. நடுவிலிருந்து எண்ணுங்கள். விழுந்த பல்லின் இடைவெளியையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுங்கள். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமல், பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால் நமக்குத் தெரிவதில்லை. முளைக்கும்போது மற்றப் பற்களைவிடப் பதிவாக நிற்பதால் பிரஷும் எட்டாது. பிரஷைப் பக்கவாட்டில் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். அதைப் பிள்ளையால் செய்ய முடியாது, நாம்தான் செய்ய வேண்டும். ஏழு எட்டு வயதுவரை பிள்ளை தீட்டிய பிறகு நாமும் ஒருமுறை தீட்டிவிடுவது நல்லது.

பற்பசை ஃபுளோரைட் உள்ளதாக இருக்கட்டும். மூன்று வயதுக்குக் கீழே ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறுவரை ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நிறைய வைக்கத் தேவையில்லை. தீட்டியதும் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைட்டும் சேர்ந்து போய்விடும்.

இது நமக்குப் புதிய விஷயமா? உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்று மட்டும் இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது நம் எல்லோருக்கும் தெரியும். குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் இஷாவுக்குப் பிறகு எத்தனை வீட்டில் பிரஷ் நனைகிறது?

வைத்தியம் தூரமுமில்லை, செலவுமில்லை. பிள்ளைகளுக்கென்றே பயிற்றப்பட்ட பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். 1921இல் நியூசிலாந்து தொடங்கிவைத்த முறை இது. கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்த நாட்டின் உதவியோடு மஹரகமையில் இதற்கான பயிற்சிப் பாடசாலை வந்தது. இன்றும் அரசாங்க கிளினிக்குகளில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். நாம்தான் பல்லுக்குத்து வந்த பிறகு போகிறோம்.

என் வகுப்பில் இப்போது டொபி டின்னுக்குள் பென்சிலும் அழிறப்பரும் இருக்கின்றன. முதல் இரண்டு நாள் முகங்கள் வாடின, பிறகு பழகிவிட்டார்கள். நேற்று இரவு யார் பல் தீட்டியது என்று காலையில் கேட்பேன். ஆரம்பத்தில் எல்லாக் கையும் உயர்ந்தது. ஒரு மகள் மட்டும் கையைக் கீழேயே வைத்திருந்தா. மெல்லக் கூப்பிட்டுக் கேட்டால், "எங்கட வீட்ட ஒரு பிரஷ்தான் டீச்சர். நானாதான் முதல்ல எடுப்பாரு" என்றா. அன்றிலிருந்து வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மழைக்காலத்தில் கடல் தொழில் இல்லாத வீடுகளில் பிரஷ் கடைசிச் சாமான்தான். கொப்பியும் சப்பாத்தும் ஸதகாவாகக் கொடுக்கிற நல்ல உள்ளங்களே, அந்தப் பொதிக்குள் ஆளுக்கொரு பிரஷையும் போடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உம்மாமாரின் பிள்ளைகளை வளர்க்கும் உம்மம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. அழுகிற பிள்ளைக்கு இனிப்புக் கொடுப்பது உங்கள் இரக்கம். அந்த இரக்கத்தோடு, படுக்க முன் பிரஷையும் கையில் எடுங்கள்.

என் மகளின் பல்லை அடைத்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவளுடைய பல் தப்பியது நான் டீச்சர் என்பதாலல்ல. அந்த மகனின் பல் போனதால்தான் நான் அவள் வாயைப் பார்த்தேன். அவன் இப்போது பழையபடி கதைக்கிறான். ரொட்டியை மட்டும் மற்றப் பக்கத்தால் மெல்லுகிறான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இன்று இரவு படுக்க முன் போன் டோர்ச்சை எடுங்கள். பிள்ளையின் வாயைத் திறந்து, நடுவிலிருந்து ஆறுவரை எண்ணுங்கள். இரண்டு நிமிட வேலைதான். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.