கம்பெனி டீசல்தானே?

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரச் சொல்லி சங்கச் செயலாளர் அண்ணன் என்னைப் பிடித்தபோது, "தெர்மல்ல அரியர் வெச்சிருக்கிறவன் என்னத்தண்ணே எழுத?" என்று நழுவப் பார்த்தேன். "உங்க வீட்டு டீசல் புல்லட்டப் பத்தி எழுதுல" என்றார். ஹாஸ்டல் நண்பர்களுக்கு அந்தக் கதை பாதிதான் தெரியும். மீதியையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு வாழை இலை வியாபாரம். தோட்டத்தில் அறுத்த இலையைக் கட்டுக் கட்டாகக் கட்டி, விடியும் முன்னே நயினார்குளம் மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். அதற்காக 1994-இல் ஒரு ரிட்டயர்டு பட்டாளத்துக்காரரிடம் வாங்கியதுதான் அந்த புல்லட். 1971-ஆம் வருடத்து வண்டி. வாங்கும்போது பெட்ரோல் எஞ்சின். மேலச்செவல், முன்னீர்பள்ளம் வழியாக தினமும் பாரத்தோடு போய்வர பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. அந்தக் காலத்தில் டீசல் விலை பெட்ரோலைவிட ரொம்பக் குறைவு. எனவே 1996-இல் ஒரு லேத் பட்டறையில் வண்டியை விட்டு, பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றிவிட்டார்.

மற்ற பிராஞ்ச் நண்பர்கள் மன்னிக்கவும், இந்த இடத்தில் கொஞ்சம் மெக்கானிக்கல் பேசியாக வேண்டும். பழைய புல்லட்டில் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. இரண்டையும் சேர்ப்பது பிரைமரி செயின்தான். அதனால் கியர்பாக்ஸைத் தொடாமலே எஞ்சினை மட்டும் மாற்றலாம். கனத்த இரும்புத் தகட்டை வெட்டித் துளைபோட்டு, எஞ்சினை சேஸிஸோடு பிணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கார்ப்பரேட்டர் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிக்கொண்டு உதைக்க வேண்டும். கிளம்பிவிட்டால் அதிர்வில் பல் ஆடும். வேகமும் கிடையாது. ஆனால் ஒரு லிட்டரை ஊற்றினால் போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் அப்பா மட்டும் செய்த வேலை இல்லை இது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. இங்கிலாந்தில் தாய்க்கம்பெனி மூடிய பிறகும் நம்மூரில் நிற்கவில்லை. ஊர் ஊருக்குப் பட்டறைக்காரர்கள் அதில் டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். கம்பெனியே டாரஸ் என்ற பெயரில் டீசல் புல்லட் விற்றது. கிரீவ்ஸ் லொம்பார்டினி எஞ்சின், 325 சி.சி., வெறும் 6.5 குதிரைத்திறன். 350 பெட்ரோல் புல்லட்டுக்கு 18 என்றால் வித்தியாசம் பார்த்துக்கொள்ளுங்கள். புகைக் கட்டுப்பாடு வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். இன்று கம்பெனி டீசல் புல்லட் அபூர்வம். அதனாலேயே விலை.

எங்கள் வண்டியில் அப்பா மாட்டியதும் லொம்பார்டினிதான். வினையே அங்கேதான்.

ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் இலை ஏற்றத் தொடங்கியபின் வண்டி பல வருடமாகத் தொழுவத்தில் மாட்டோடு நின்றது. போன வருடம் என் செமஸ்டர் ஃபீஸுக்கு வழி தெரியாமல், மாமா மகன் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். பழைய வண்டிகளை வாங்கி விற்பவர். எஞ்சின் தகட்டைத் துடைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "கம்பெனி டீசல்தானே?" என்றார்.

"ஆமா சார், டீசல்தான்" என்றார் அப்பா. பொய் சொல்லவில்லை. கம்பெனி டீசல், பட்டறை டீசல் என்று இரண்டு உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று பேசி முடித்தார்கள். பத்தாயிரம் அட்வான்ஸை எண்ண ஆரம்பித்தார். என்னை ஆர்.சி. புக் எடுத்துவரச் சொன்னார் அப்பா. டிரங்குப் பெட்டிக்குள் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. எங்கள் வீட்டில் அதை வாசித்த முதல் ஆள் நான்தான். வருடம் 1971. எரிபொருள், பெட்ரோல். மாற்றியதைப் பதிந்த ஒரு வரிகூட இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதி இல்லாமல் இப்படி மாற்றக் கூடாது என்கிறது.

புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன். பிறகு சொல்லிவிட்டேன். "சார், இது கம்பெனி டீசல் இல்ல. அப்பா பட்டறைல மாத்துனது."

நான் பெரிய அரிச்சந்திரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதி பயம்தான். புத்தகத்தைப் பிரித்தால் அவருக்கே தெரிந்துவிடும், அப்பாவைப் பார்த்து "ஏமாத்தப் பாத்தியளா" என்று கேட்டுவிடுவார் என்று பயம். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "இவன யாருல கேட்டா?" என்றாள். அவர் ரூபாயைப் பைக்குள் வைத்துக்கொண்டு, காட்சிக்கு வைக்க வேண்டுமானால் இருபதாயிரம் தரலாம் என்றார். அப்பா தலையாட்டவில்லை. அவர் கிளம்பிவிட்டார். அம்மாவின் கம்மல் பேங்குக்குப் போனது. நான் ஃபீஸ் கட்டினேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார். "எய்யா, அந்தப் பழைய பெட்ரோல் எஞ்சின் இருந்திருந்தா?"

எனக்குப் பதில் தெரியும். 2021-இல் மத்திய அரசு பழமை வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு முடிந்து ஐம்பது வருடம் தாண்டி, பெரிய மாற்றமில்லாமல் பழைய உருவிலேயே இருந்தால் 'வி.ஏ.' என்று தனி நம்பர் வரிசையே உண்டு. எங்கள் வண்டி அதே வருடத்தில் ஐம்பதைத் தொட்டது. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் புத்தகத்தோடு பொருந்தி நின்றிருந்தால் அந்தச் சென்னைக்காரரே மனசார விலை சொல்லியிருப்பார். அந்த எஞ்சினைப் பட்டறையிலேயே விட்டு, கூலியில் எண்ணூறு ரூபாய் கழித்துக்கொண்டு வந்திருக்கிறார் அப்பா.

"அதுவும் பழசுதானப்பா. பெரிசா ஒண்ணும் வந்திருக்காது" என்றேன். "அப்ப சரி" என்று கை கழுவப் போனார்.

இந்த மலர் வீட்டுக்கு வரும். பத்தாவது படிக்கும் தங்கச்சிதான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள். ஏட்டி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உள்ளதை மட்டும் வாசிக்காதே.