தோற்ற மீன் எங்கே போகும்?

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ‘மிக்ஸ்டு ஆப்பிரிக்கன்’ என்று ஒரு தொட்டி இருக்கும். மஞ்சள், நீலம், ஆரஞ்சு, கறுப்பு வரி போட்டது என்று விரல் நீளக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் மொய்த்துக் கிடக்கும். ஞாயிறு காலையில் பிள்ளைகளோடு வருகிறவர்கள் அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். “அதுல ரெண்டு, இதுல ரெண்டு” என்று கை காட்டக் காட்ட, கடைப் பையன் வலையில் அள்ளி, பாலித்தீன் பையில் ஆக்சிஜன் அடித்து, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுக்கிறான். தொட்டிக்குள் ஒரு கல் இல்லை, ஒரு செடி இல்லை. அத்தனை குஞ்சுகளும் சாதுவாகத் திரிகின்றன. வாங்குகிறவருக்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

என்னைக் கூட்டிப்போனவர் பக்கத்து வில்லிவாக்கத்துக்காரர். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிக்லிட் மீன்களோடுதான் இப்போது பொழுது போகிறது. கடைக்காரர்களே அவரிடம் யோசனை கேட்கிறார்கள். தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, “இதுங்களுக்கு சண்டை போடத் தெரியாதுன்னு நெனச்சுக்காதீங்க தம்பி. பிடிச்சு வச்சுக்க இடம் இல்ல, அவ்ளோதான்” என்றார். கல் என்று ஒன்று இருந்தால்தான் அது என்னுடையது என்று ஒரு மீன் நிற்க முடியும். இவ்வளவு நெரிசலில் யாரைக் குறிவைத்து விரட்டுவது? இதே குஞ்சுகள் வகைக்கு இரண்டாக யார் வீட்டு இரண்டடித் தொட்டிக்கோ போய், வளர்ந்து, நிறம் ஏறிய பிறகுதான் அடிதடி தொடங்கும். எட்டு மீன் வாங்கிய வீட்டில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். நமக்கு மீன் ராசியில்லை என்று தொட்டியைத் தூக்கி மொட்டைமாடியில் போட்டுவிடுவார்கள்.

அவருடைய வீட்டுத் தொட்டியிலும் அப்போது ஒரு தகராறு. அதைத் தீர்க்கப் போகிறேன், வந்து பாருங்கள் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

ஹாலில் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி. விளிம்புவரை நிரப்பினால் 255 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போக இருநூறு சொச்சம். உள்ளே மலாவி ஏரியின் ‘முபுனா’ மீன்கள், இருபதுக்கு மேல். சிக்லிட் என்றதும் ஏதோ அந்நிய மீன் என்று நினைக்க வேண்டாம். ஏஞ்சல், ஆஸ்கர், டிஸ்கஸ், வாஸ்து மீன் என்று விற்கும் ஃப்ளவர்ஹார்ன் எல்லாம் இந்தக் குடும்பம்தான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று ஏரி குளமெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபிக் கெண்டையும் அப்படியே. கோடையில் நீர் குறைந்த குளத்தங்கரையில் உட்கார்ந்து, ஆண் ஜிலேபி தரையில் வட்டமாகக் குழி பறித்து, அதன் பக்கம் வருவதையெல்லாம் விரட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஹாலில் நடப்பது புதிதாக இருக்காது.

ஒரே வித்தியாசம், குளத்தில் விரட்டப்பட்ட மீன் போய்விடும்.

மலாவி ஏரி ஏறக்குறைய 580 கிலோமீட்டர் நீளம். மிக ஆழமான இடத்தில் 700 மீட்டர். அதன் பாறைக் கரைகளில், பாறைமேல் படரும் பாசியை மேய்ந்து வாழ்பவை முபுனா. பாறையை விட்டுப் போகவும் மாட்டா. ஆண் ஒவ்வொன்றும் ஒரு பொந்தையும் அதைச் சுற்றிய கொஞ்ச இடத்தையும் காவல் காக்கும். எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்தால் துடுப்பு விரித்து மிரட்டும், மோதும், துரத்தும். தோற்றது நாலைந்து பாறை தள்ளிப் போனதும் விவகாரம் முடிந்துவிடும். அங்கே துரத்துவதற்கு ஒரு முடிவு இருக்கிறது. நான்கடிக் கண்ணாடிக்குள் துரத்தப்பட்ட மீன் மறுகோடிக்குப் போனாலும் தொட்டியை ஆளும் ராஜாவின் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கும். மறுபடி துரத்தல், மறுபடி அதே மூலை. முரட்டு மீனை எப்படித் திருத்துவது என்று கேட்கிறவர்கள் கேள்வியைத் தவறான மீனிடம் கேட்கிறார்கள் என்று எனக்கு அங்கே தோன்றியது. அதைத் திருத்த முடியாது. அடி வாங்குகிற மீனுக்குத் தப்ப வழி செய்யலாம்.

“எங்க பாக்குறீங்க? நடுவுல இல்ல, மேல பாருங்க” என்றார் அவர். வலது மேல்மூலையில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், எலக்ட்ரிக் யெல்லோ வகை மீன் ஒன்று துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. வால் நுனி கிழிந்திருந்தது. மஞ்சள் வெளிறிப் போயிருந்தது. கடியால் நேரே சாகிற மீன் குறைவு என்றார். பயத்தில் தீனிக்கு வராது, மெலியும், கிழிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். காலையில் மிதக்கும்போது நோய் வந்து செத்தது என்று கணக்கு எழுதி, தண்ணீரில் மருந்தைக் கொட்டுவார்கள்.

அதை அடித்துக்கொண்டிருந்தது கெனீ வகை ஆண் ஒன்று. அதுவும் மஞ்சள்தான். கெனீக்கு ஒரு வேடிக்கை உண்டு: குஞ்சுகளும் பெண்களும் வரி போட்ட நீலம், ஆண் வளர்ந்து ஆதிக்கம் பெறும்போது மஞ்சளாகும். சொந்தக்காரர் ஒருவர் தொட்டியைக் கலைத்தபோது நீலக் குஞ்சாக இங்கே வந்து சேர்ந்தது, வளர்ந்து மஞ்சள் ஏறியதும் முதலில் திரும்பியது ஏற்கெனவே மஞ்சளாக இருந்தவர்கள்மேல். தன் நிறத்தில் இருக்கும் ஆணையே போட்டியாளனாக எடுத்துக்கொண்டு அதிகம் தாக்கும் போக்கை விக்டோரியா ஏரியின் சிக்லிட்களை வைத்து ஆய்வாளர்களும் பதிவுசெய்திருக்கிறார்கள். தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுக்கும்போது நிறம், வரி, உடல்வாகு மூன்றும் ஒன்றுக்கொன்று மாறுபட வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான். கடையில் நாம் செய்வது நேர்மாறு. பிடித்த நிறத்திலேயே நான்கு வகை பொறுக்குகிறோம்.

எனக்கு உறுத்திய இன்னொன்று: கெனீ மட்டுமல்ல, அதைவிடச் சின்ன மீன்கள்கூட அந்த மூலைக்கு வந்து ஓர் இடி கொடுத்துவிட்டுப் போயின. இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. டாங்கனீகா ஏரியின் ஒரு சிக்லிட் இனத்தை வைத்து ஸ்டான்ஃபோர்டில் ரஸ்ஸல் ஃபெர்னால்டின் குழு செய்தது. 2007-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஐந்து ஆண்கள் இரண்டிரண்டாக மோதுவதை, நடுவில் வைத்த மீன் ஒன்று வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, நேருக்கு நேர் மோதியே பார்க்காத இருவரை இரு பக்கமும் வைத்தபோது, இருவரில் பலவீனமானவன் பக்கமே அது போய் நின்றது. முதலாமவன் இரண்டாமவனை வென்றான், இரண்டாமவன் மூன்றாமவனை வென்றான் என்றால் முதலாமவனும் மூன்றாமவனும் மோதினால் என்னவாகும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே ஒரு தொட்டியில் ஒருவன் தோற்றால் அது அவனுக்கும் ஜெயித்தவனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதியாக நிற்பதில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

வேலை தொடங்கும் முன் உள்ளறையில் இன்னொரு தொட்டியைக் காட்டினார். செல்லாக்காசு மீன் ஜோடி. நம் கரையோரக் கழிகளிலும் கேரளத்திலும் இலங்கையிலும் இயல்பாக வாழும் சின்ன சிக்லிட். குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்று வளரும். நடுவே கண்ணாடித் தடுப்பு; மறுபக்கம் தனி ஆண் ஒன்று. “அவன எடுத்துட்டா இவன் பொண்டாட்டிய அடிப்பான் தம்பி. அவன் அங்க இருக்குறவரைக்கும் இவங்க ரெண்டு பேரும் ஒத்துமை.” கொன்ராட் லோரன்ஸ் 1963-இல் எழுதிய நூலில் இதே சங்கதி இருக்கிறது. இரண்டு சிக்லிட் ஜோடிகளைக் கண்ணாடித் தடுப்பால் பிரித்து வைத்திருந்தாராம். ஆண் தன் இணையிடம் முரட்டுத்தனம் காட்டத் தொடங்கினால், தடுப்பில் பாசி படர்ந்து எதிரி கண்ணுக்கு மறைந்துவிட்டான் என்று அர்த்தம். கண்ணாடியைத் துடைத்துவிட்டால் கோபம் வேலிக்கு அப்பால் திரும்பிவிடும். 1973-இல் நோபல் பரிசு பெற்றவர் கண்டதை, அந்த நூலைப் பார்த்தே இராத வில்லிவாக்கத்துக்காரர் தன் போக்கில் கண்டிருந்தார். அந்தத் தடுப்புக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

பிறகு வாளி, ரப்பர் குழாய். பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றி, கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். வாராவாரம் மாற்றும் தண்ணீரோடு இந்த வேலையும் சேர்ந்துகொள்கிறது. தொட்டியின் கண்ணாடித் தரைமேல் தெர்மாகோல் விரித்து, பெரிய கற்களை நேரே அதன்மேல் உட்காரவைத்த பிறகே மணலைச் சுற்றி நிரவினார். மணல்மேல் கல் வைத்தால் இந்த மீன்கள் அடியில் தோண்டிச் சரித்துவிடும். தொட்டியே விரிசல் விடும். பழைய அமைப்பில் அழகாக நடுவில் ஒரே குன்று இருந்தது. அதன் உச்சியில் நின்றால் நாலு மூலையும் தெரியும், கெனீ அங்கேதான் நின்றது. இப்போது குன்று கிடையாது. இடம், நடு, வலம் என்று மூன்று குவியல்கள், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழ்வரை. இடையிடையே கடப்பாக்கல் துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்தினார். ஒரு கோடியில் நின்றால் மறுகோடி தெரியக்கூடாது. பொந்துகளுக்கு இரண்டு வாசல். ஒரே வாசல் உள்ள பொந்தில் ஒளிகிற மீன் மாட்டிக்கொள்ளும். பிவிசி குழாய்த் துண்டுகளையும் உடைந்த மண்சட்டியையும் செருகினார். பார்க்க அத்தனை அழகில்லை என்று அவர் மனைவி சொன்னது உண்மைதான்.

எல்லைகள் அழிந்த அந்த வேளையில்தான் புதியவர்களை விட வேண்டும். மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்திருந்த ரஸ்டி வகை மீன்கள் ஐந்து. கத்திரிப்பூவும் துருவும் கலந்த நிறம், மலாவி மீன்களில் சாது. ஒன்றை மட்டும் விட்டால் எல்லாப் பார்வையும் அதன்மேல் விழும் என்பதால் ஐந்தையும் ஒரே நேரத்தில். முதலில், ஏற்கெனவே இருந்தவற்றுக்குத் தீனி. ஸ்பைருலினா குருணையை இரண்டு கோடியிலும் ஒரே சமயம் தூவினார். ஓரிடத்தில் போட்டால் காவல் நிற்பவன் மட்டும் தின்பான். பிறகு விளக்கை அணைத்தார்.

மீன் எண்ணிக்கையைக் கூட்டினால் சண்டை குறையும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் சொல்லும் யோசனை. பொய்யில்லை, அடி பலருக்கும் பங்கு போகிறது. முபுனாவுக்குப் பொருந்தும். ஜோடி சேர்ந்து முட்டையைக் காக்கும் கன்விக்டுக்கோ ஏஞ்சலுக்கோ பொருந்தாது, அவை மற்ற எல்லோரையும் ஒரே மூலைக்குத் தள்ளும். ஃப்ளவர்ஹார்னுக்குத் தனித்தொட்டிதான். முபுனாவிலும் எனக்கு இந்த யோசனைமேல் அரைமனதுதான். நெருக்கமான தொட்டி ஃபில்டரை நம்பி உயிர்வாழ்கிறது. சென்னைக் கோடையில் இரவு இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் சண்டையில்லாமலே எல்லாம் சாகும். அவர் பேட்டரி ஏர்பம்ப் வைத்திருக்கிறார், வாரம் நாற்பது சதவீதம் தண்ணீர் மாற்றுகிறார். சோப்பு நுரைக்காத அவர் வீட்டு போர் தண்ணீர் மலாவி மீனுக்கு வாகானது என்பது கூடுதல் அதிர்ஷ்டம். இதெல்லாம் இல்லாதவர்கள் மீனைக் கூட்டக்கூடாது, சாதுவான வகையைத் தேட வேண்டும்.

ஆண் பெண் கணக்கும் இதே சூத்திரம்தான். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் இருந்தால் எந்தப் பெண்ணும் நாள் முழுக்கத் துரத்தப்படுவதில்லை. முட்டைகளை வாயில் அடைகாக்கும் பெண் ஏறக்குறைய மூன்று வாரம் தீனி எடுக்காது. அந்த நேரத்தில் துரத்தல் தாங்காது, தனியே எடுத்துவிடுவது நல்லது. குஞ்சில் ஆண் பெண் தெரியாதே என்றேன். “ஒரு வகைல எட்டு வாங்குவேன். வளர்ந்ததும் அதிகப்படி ஆம்பளைங்கள கடையில திருப்பிக் குடுத்துடுவேன்.”

இருட்டிய பிறகு கூடத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம். கெனீ பழைய உச்சியைத் தேடிக் கொஞ்ச நேரம் வெறுமையில் சுற்றிவிட்டு, இடது குவியலின் கீழ்ப் பொந்தில் போய் உட்கார்ந்தது. எதிரே வருகிறவர்களை இன்னும் துரத்தத்தான் செய்தது. ஆனால் ஓரடி போனதும் கல் மறைக்க, திரும்பிவிட்டது. ரஸ்டிகள் ஆளுக்கொரு சந்தில் நுழைந்துகொண்டன. எலக்ட்ரிக் யெல்லோ மேல்மூலையிலிருந்து கீழே இறங்கி, வலது குவியலின் பின்னால் போயிருந்தது. வால்பக்கம் மட்டும் தெரிந்தது.

கெனீயையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். ராஜாவை எடுத்தால் இரண்டாவது இடத்தில் இருப்பவன் வருவான், அவன் எப்படிப்பட்டவன் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார். இரண்டாவது இடத்தில் இருப்பது ஓர் அவ்ராட்டஸ்; அதன் மஞ்சள் வயிறு கறுக்கத் தொடங்கியிருந்தது. ஆண் அவ்ராட்டஸ் ஆதிக்கத்துக்கு வரும்போது அப்படித்தான் நிறம் தலைகீழாகும், முரட்டுத்தனத்தில் கெனீக்குக் குறைந்ததில்லை. அதனால் அடுத்த ஞாயிறுவரை அவகாசம். அதற்குள் எலக்ட்ரிக் யெல்லோ தீனி நேரத்தில் முன்பக்கம் வந்து தின்றால் எல்லோரும் இருக்கலாம். வராவிட்டால் கெனீ, அவ்ராட்டஸ் இரண்டும் ஒரே பையில் கொளத்தூருக்கு.