பதினாறாம் நாளுக்குள்

நினைவு மலர் எழுதிக் கொடுப்பது என் தொழில். வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிப்போனால், பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு புத்தகம். யாழ்ப்பாணத்தில் இது பழைய வழக்கம். அங்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்பார்கள். அதில் வம்சாவளி, தேவாரம், புலம்பல் பாக்கள் எல்லாம் இருக்கும். நூலகம் நிறுவனம் அவற்றில் பலவற்றை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. நான் தொழில் கற்றதே அவற்றைப் படித்துத்தான். நம் பக்கம் ஃபிளெக்ஸ் பேனரோடு கடமை முடிந்துவிடுகிறது.

ஆண்களைப் பற்றி எழுதுவதில் சிரமம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த தேதி, ஓய்வூதிய ஆணை, நிலப் பத்திரம் என்று காகிதங்களே பாதி எழுதிவிடும். அம்மாவைப் பற்றிக் கேட்டால், "எங்களுக்காகவே வாழ்ந்தாங்க சார்" என்று மூத்த மகன் ஆரம்பிப்பார். பொய்யில்லை. ஆனால் பெயரை மாற்றினால் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அது பொருந்திவிடும். அதனால் அந்த வரியை நான் அச்சுக்கு அனுப்புவதில்லை.

கேம்பல் பேயிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் அம்மாவுக்கு மலர் வேண்டும் என்று கூப்பிட்டபோது இந்தச் சிக்கல் இரண்டு மடங்காக வந்தது. கேம்பல் பே இருக்கும் கிரேட் நிக்கோபார் தீவில் 1969 முதல் முன்னாள் படைவீரர்களை அரசு குடியமர்த்தியது. பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு என்று பல மாநிலத்தார், முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்கள். நிலம் படைவீரர் பெயரில், கோப்பும் அவர் பெயரில். கூடவே வந்து காடு வெட்டிய மனைவி, 'மற்றும் குடும்பத்தினர்'.

பேசியது முழுக்கத் தொலைபேசியில்தான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போன பிறகு அந்தத் தீவோடு பேசுவது எளிதாகியிருக்கிறது. வருஷம் கேட்டால் யாருக்கும் நினைவில்லை; ஊர் நடப்பைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். தீவின் தென்முனையில் கலங்கரை விளக்கம் 1972-இல் வந்தது. இந்திரா காந்தி அங்கே போனது 1984-இல். அதற்குப் பிறகுதான் அது இந்திரா முனை. "நீங்க தீவுக்கு வந்தது லைட்ஹவுஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றேன். "முன்னாடிதான். லைட்ஹவுஸ் வந்தப்ப நான் கைக்குழந்தைன்னு அம்மா சொல்வாங்க" என்றார் மகள். அந்தக் குடும்பம் கப்பல் ஏறிய காலம் அதில் பிடிபட்டது.

மகன்களைவிட மருமகளிடம்தான் விஷயம் இருக்கும். அடுப்படியில் கூட நின்றவர் அவர். தனியாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். மாமியார் கொப்பரை போடுவதைப் பற்றி அந்த மருமகள் வெகுநேரம் சொன்னார். எந்த நேரமும் மழை வரும் ஊர் அது. வெயிலை நம்ப முடியாது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி, உடைத்த தேங்காயைப் புகையில் காய வைப்பார்களாம். மாமியார் ஒவ்வொரு மூடியையும் எடுத்து நகத்தால் கீறிப் பார்ப்பார். ஈரம் தட்டினால் மறுபடி பரணுக்கு. கப்பல் வரும் தேதியைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அரிசி டப்பா மூடியில் ஒட்டியிருப்பார். கடல் மோசமாகிக் கப்பல் தள்ளிப்போனால், தேதியை அடித்துவிட்டு அன்றிலிருந்து வெங்காயத்தை எண்ணித்தான் கொடுப்பார். பேத்தி ஒரே வரியில் முடித்தாள்: "பாட்டி இந்தியில திட்டுவாங்க, தமிழ்ல கொஞ்சுவாங்க."

2004 டிசம்பர் 26 சுனாமியை எப்படி எழுதுவது என்பதில் எனக்கும் மகன்களுக்கும் வாக்குவாதம். இந்திரா முனையில் தரையே நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியது. கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் இன்று கடலுக்குள் நிற்கிறது. இவர்களுடைய தென்னந்தோப்பும் போயிற்று. "மன உறுதியோடு எதிர்கொண்டார்னு போடுங்க" என்றார்கள். நான் வேறொன்றைப் போட்டேன். கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். தகரக் கொட்டகையில் இருந்தபோது வந்த நிவாரணப் பட்டியலில்தான் அந்த அம்மாவின் பெயர் முதன்முதலாகக் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஏறியது. நிலக் காகிதங்களைப் பாலிதீன் பையில் சுருட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதும் அவர்தான். மன உறுதி என்று தனியாக எழுத என்ன இருக்கிறது?

அட்டைக்குப் படம் இல்லை. ஆல்பம் அலையோடு போய்விட்டது. மிஞ்சியது வாக்காளர் அட்டைப் படம். கணினியில் பட்டுப்புடவையும் நகையும் போட்டுத் தர ஆட்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்லி, அந்த மங்கலான படத்தையே பெரிதாக்கினோம்.

ஒரு விவரம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய அம்மாவின் பெயர் அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஊரில் உடன்பிறந்தவர் யாரும் உயிரோடு இல்லை. வம்சாவளிப் பக்கத்தில் அந்தக் கட்டம் காலியாகவே அச்சாயிற்று.

வீட்டில் அம்மாவோ ஆச்சியோ இருப்பவர்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பிறந்த ஊர், தாயார் பெயர், கூடப்பிறந்தவர்கள், முதன்முதலில் செய்த வேலை ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். பதினாறு நாளில் என்னால் தேடி எடுக்க முடியாதவை இவைதான்.