வானத்திற்கும் வரம்புண்டு

நிலப்படத்தை விரித்துத் திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், அக்கோடு விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் தொட்டுச் செல்வதைக் காணலாம். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 37 கிலோமீட்டர். மணிலாக்கொட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியிற் சென்றவர்களுக்கு முற்காலத்தில் அஃது ஓர் இரவுப் பயணமாயிருந்தது. விரைவுப் புகைவண்டியில் அமர்ந்தவர்க்கு அஃது அரைமணி நேரப் பயணம். மணிக்கு 900 கிலோமீட்டர் விரைவில் உயரப் பறக்கும் ஜெட் விமானத்திற்கோ, அஃது இரண்டரை நிமிடத்தில் கடந்து மறையும் சிறு துண்டு நிலம்.

மாலை வேளையில் ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் உழவர், வெண்ணிறக் கோடு ஒன்றை வரைந்துகொண்டு போகும் விமானத்தைக் காண்கிறார். "நமக்கு வரப்பு உண்டு, வாய்க்கால் உண்டு, சாலை உண்டு, சுங்கச்சாவடி உண்டு. அவனுக்கு என்ன தடை? விரிந்த வானம் முழுவதும் அவனுடையது அன்றோ!" என்று அவர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இயல்பானதே, ஆயினும் உண்மை அதற்கு நேர்மாறானது. வண்டியோட்டுவார்க்கு உள்ள வரம்புகளைவிட வானோட்டுவார்க்கு உள்ள வரம்புகளே மிகப் பல. அவற்றை ஏட்டிற் படித்து வைத்திருந்தால் மட்டும் போதாது. அவற்றுள் இன்றியமையாதவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தயங்காமற் சொல்லும் அளவிற்கு விமானி நெஞ்சிற் பதித்திருத்தல் வேண்டும்.

இவ்வரம்புகளின் இயல்பை மாட்டுவண்டியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். தேர்ந்த வண்டிக்காரர் ஒருவர் பாரம் ஏற்றும்போது இரண்டினைக் கருதுவார். தம் மாடுகள் இழுக்கவும் அச்சுத் தாங்கவும் வல்ல சுமை எவ்வளவு என்பது ஒன்று. அச்சுமையை எங்கே வைப்பது என்பது மற்றொன்று. மூட்டைகளை முன்னே குவித்தால் முன்பாரமாகி, நுகத்தடி மாடுகளின் கழுத்தை நெரிக்கும். பின்னே குவித்தால் பின்பாரமாகி, வண்டி குடைசாய்ந்து மாடுகளைத் தூக்கிவிடும். சுமை ஒன்றே, இடம் மாறினால் விளைவும் மாறும்.

இருப்புப்பாதையில் எஞ்சின் ஓட்டுநரும் அவ்வாறே வரம்பறிந்து செல்கின்றார். விழுப்புரம் சந்திப்பில் பல பாதைகள் பிரிகின்றன. பாதை பிரியும் இடத்தில் எவ்வளவு விரைவு, வளைவில் எவ்வளவு விரைவு, பழுதுபார்க்கப்படும் பாலத்தின்மேல் எவ்வளவு விரைவு என்பனவற்றைப் பாதையோரப் பலகைகளும் கையில் தரப்படும் எச்சரிக்கை ஆணையும் அவருக்கு உணர்த்தும். எஞ்சினுக்கு ஆற்றல் இருக்கிறது என்பதற்காக அவர் அதனை முழுவதும் பயன்படுத்துவதில்லை.

இனி, விமானத்தைக் காண்போம். போயிங் 777-300 இஆர் என்னும் பெரிய ஜெட் விமானம் மேலெழும்போது அதன் மொத்த எடை 351 டன்னுக்குச் சற்று மேற்படலாம்; அதற்கு மிகுதல் ஆகாது. அந்த எடையும் எல்லா நாளிலும் கிட்டுவதன்று. கத்திரி வெயிலில் காற்றுச் சூடேறி அடர்த்தி குறைகிறது. அத்தகைய காற்றில் இறக்கைகள் பெறும் தூக்குவிசையும் எஞ்சின்கள் தரும் உந்துவிசையும் குறைகின்றன. ஆதலின் மார்கழி விடியலில் ஏற்றத்தக்க சுமையைச் சித்திரை நண்பகலில் ஏற்ற இயலாமற் போகலாம். ஓடுபாதையின் நீளமும் தளத்தின் உறுதியும் கூடக் கணக்கிற் சேரும். உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று உண்டு. அந்நாளைய விமானங்களுக்கென அமைந்த அத்தகைய பாதையில் இந்நாளைய பெருவிமானம் ஒன்றை இறக்க எந்த விமானியும் எண்ணமாட்டார்.

முன்பாரம், பின்பாரம் என்னும் வண்டிக்காரர் கணக்கு விமானத்திலும் அப்படியே உள்ளது. பயணிகள், பெட்டிகள், எரிபொருள் ஆகிய அனைத்தின் எடையும் சேர்ந்து எந்த இடத்தில் மையங்கொள்கிறது என்பதைப் புறப்படுமுன்னரே கணக்கிடுகின்றனர். அம்மையம் குறித்த இரண்டு எல்லைகளுக்குள் அமைதல் வேண்டும். மிகவும் முன்னே சென்றால் விமானத்தின் மூக்கு எழாது. மிகவும் பின்னே சென்றால் எழுந்த மூக்கு அடங்காது.

மேலெழும் எடைக்கு ஒரு வரம்பு இருப்பதுபோலத் தரையிறங்கும் எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. அது முன்னதினும் மிகச் சிறியது. மேற்கூறிய விமானத்திற்கு அது சுமார் 251 டன். வானிற் செல்லும்போதே ஏறத்தாழ 100 டன் எரிபொருள் எரிந்து தீரும் என்பது கணக்கு. நெடும்பயணத்திற்குப் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே திரும்ப நேரின் என் செய்வது? வானிலேயே எரிபொருளை வெளியேற்றியோ, சுற்றி வந்து எரித்தோ எடையைக் குறைத்த பின்னரே இறங்குவர். தீப்பற்றியது போன்ற உயிர்க்கேடு நேர்ந்தால் மட்டும், மிகையான எடையுடனும் உடனே இறங்குவர். பின்னர் அவ்விமானத்தை உறுப்பு உறுப்பாக ஆராயாமல் மீண்டும் பறக்கவிடுவதில்லை. விதிக்கு விலக்கு உண்டு. அவ்விலக்கினைக் கையாளுவதற்கும் விதியை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

விரைவின் வரம்பு இருபுறமும் வெட்டும் வாள் போன்றது. விரைவு ஓர் அளவிற்குக் கீழே குறைந்தால், இறக்கையைத் தழுவிச் செல்லும் காற்று சிதறித் தூக்குவிசை குலைந்துபோகும். ஓர் அளவிற்கு மேலே மிகுந்தால், இறக்கையின்மேல் அதிர்ச்சியலைகள் தோன்றி விமானம் நடுங்கத் தொடங்கும். ஒலியின் விரைவில் நூற்றுக்கு 84 பங்கு என்னும் அளவில் இயல்பாகப் பறக்கும் போயிங் 777 விமானத்திற்கு 89 பங்கே உச்சவரம்பு. உயரம் ஏற ஏற இவ்விரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஏறுமிடம் உயர்வானதாக, நிற்குமிடம் குறுகியதாகிறது. மனித வாழ்விலும் இஃது உண்மையே அன்றோ!

உயரத்திற்கும் எல்லை உண்டு. இவ்விமானம் 43,100 அடிக்கு மேற்செல்லலாகாது. அத்துணை உயரத்தில் வெளிக்காற்று மனிதர் மூச்சுவிடப் போதாது. ஆகவே உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகின்றனர். பயணிகள் உணரும் காற்றழுத்தம், பொதுவாக 8,000 அடி உயரத்தில் உள்ள அழுத்தத்திற்குக் குறையாதவாறு காக்கப்படுகிறது. எளிமையாகச் சொன்னால், உள்ளே இருப்பவர்கள் ஏறத்தாழ உதகமண்டலத்துக் காற்றையே சுவாசிக்கின்றனர். 35,000 அடி உயரத்தில் அவ்வழுத்தம் திடீரென நீங்குமாயின், தெளிந்த அறிவோடு செயற்பட ஒருவர்க்குக் கிடைக்கும் காலம் ஒரு நிமிடத்திற்கும் குறைவு. அப்போது விமானி ஏட்டைப் புரட்ட நேரமில்லை. முதலில் தம் மூச்சுக்கவசத்தை அணிந்து, பின்னர் விமானத்தைக் கீழிறக்க வேண்டும். நெஞ்சிற் பதித்த பாடமே அங்கு உயிர் காப்பது.

தெற்கிலிருந்து சென்னை மீனம்பாக்கத்திற்கு வரும் ஜெட் விமானம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். 1,000 அடி இறங்குவதற்குச் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் தொலைவு வேண்டும் என்பது விமானிகள் கையாளும் எளிய கணக்கு. 35,000 அடியில் வரும் அவ்விமானம் உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னரே இறங்கத் தொடங்கினால்தான் முறையாக ஓடுபாதையை அடையும். காற்றும் கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆணையும் இதனைச் சிறிது மாற்றக்கூடும். விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் இறங்கிக்கொண்டே கடந்து, மதுராந்தகத்தை அணுகும்போது அது 10,000 அடியளவில் இருக்கும். அதற்குக் கீழே மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேற்படாமற் செல்லுதல் பொதுவிதி. கீழே இருப்புப்பாதையில் நாட்டப்பட்ட விரைவுப் பலகைகளைப் போலவே, மேலே வெற்றுவெளியிலும் கண்ணுக்குப் புலனாகாத பலகைகள் நாட்டப்பட்டுள்ளன.

இவ்வரம்புகள் யாரோ ஒருவர் நாற்காலியில் அமர்ந்து விளையாட்டாக வகுத்தவை அல்ல. அவற்றுட் பல உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றவை. உலகின் முதல் ஜெட் பயணி விமானமாகிய 'காமெட்' 1952 மே 2 அன்று பயணிகளுடன் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்திலிருந்து எழுந்த காமெட் விமானம் ஒன்று இடிமழைக் காற்றிற் சிக்கிச் சிதைந்தது. அதிற் சென்ற 43 பேரும் மாண்டனர். 1954 இல் மேலும் இரண்டு காமெட் விமானங்கள் இத்தாலியை அடுத்த கடற்பகுதிகளில் வீழ்ந்தன. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தார் ஒரு விமானத்தின் உடலைப் பெரிய நீர்த்தொட்டியில் இட்டு, மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். பன்முறை விரிந்து சுருங்கிய உலோகம் களைப்புற்றுப் பிளந்தமை அதனால் வெளிப்பட்டது. உலோகத்திற்கும் களைப்பு உண்டு, அதன் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

கற்ற பாடம் ஒவ்வொரு நாளும் கடைப்பிடிக்கப்படாவிடின் பயன் என்ன? 2020 ஆகஸ்டு 7 அன்று இரவு, பெருந்தொற்றுக் காலத்தில் துபாயிலிருந்து 190 பேருடன் வந்த போயிங் 737 விமானம் ஒன்று கோழிக்கோட்டை அடைந்தது. குன்றின் உச்சியைச் சமன்செய்து அமைத்த ஓடுபாதை அது. நீளம் 2,700 மீட்டர். மழை பெய்துகொண்டிருந்தது. முதன்முறை இறங்க முயன்று, இயலாமல் மேலெழுந்த விமானி, மறுமுறை எதிர்த்திசைப் பாதையில் இறங்க வந்தார். இம்முறை காற்றுப் பின்னிருந்து தள்ளியது. பின்காற்று விமானத்தின் நிலவிரைவை மிகுவித்து, நிற்பதற்கு வேண்டும் தொலைவையும் நீட்டிவிடும். அதனால் அதற்கும் ஓர் எல்லை வகுத்துள்ளனர். விமானம் ஓடுபாதையின் தொடக்கத்தை அடுத்துத் தரையைத் தொடாமல், பாதிப் பாதை கழிந்த பின்னரே தொட்டது. துணைவிமானி, "மீண்டும் மேலெழுக!" என்று அழைத்தும் இறக்கம் தொடர்ந்தது. பாதையின் முடிவையும் தாண்டிச் சரிவில் வீழ்ந்து விமானம் பிளந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் உயிரிழந்தனர்.

பின்னர் வெளியான ஆய்வறிக்கை, நிலைப்படாத இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்ததே இந்நேர்ச்சிக்குரிய காரணம் எனக் கண்டது. மறுநாட் காலைப் பணிக்கு அவ்வூரிலேயே இறங்கிவிட வேண்டும் என்னும் எண்ணம் தலைமை விமானியின் உள்ளத்தை உந்தியிருந்தது என்றும் அது சுட்டியது. இறந்தாரைப் பழித்தல் இங்கு நோக்கமன்று. அவர் தேர்ச்சி மிக்கவர். தம் கடமையில் ஆர்வம் உடையவர். தேர்ச்சி மிக்கவரையும் அவசரம் வரம்பு கடத்திவிடும் என்பதே நாம் அஞ்சிக் கற்க வேண்டிய பாடம். இறங்காமல் மீண்டும் மேலெழுவது தோல்வியன்று. அதுவும் பயிற்சியின் ஒரு பகுதியே. இளையவர் சொல்லினும் தக்க சொல்லை ஏற்பது இழிவன்று. அதுவும் திறமையின் ஒரு பகுதியே.

இதனாலன்றோ மனிதனுக்கும் வரம்பு வகுத்திருக்கின்றனர்! ஒரு நாளில் ஒரு விமானி எவ்வளவு நேரம் பறக்கலாம், எவ்வளவு நேரம் ஓய்வு கொள்ள வேண்டும் என்பதற்கு நம் நாட்டின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் விதிகள் செய்துள்ளது. உலோகம் களைக்கும்போது மனிதன் களைக்கமாட்டானா? எஞ்சினின் வலியைக் கருவி காட்டும். தன் வலியைத் தானே அறிதல் வேண்டும்.

இவ்வறிவு தமிழர்க்குப் புதியதன்று. எழுத்திற்குக்கூட மாத்திரை வகுத்து, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யிற்கு அரை என்று அளந்தவர்கள் நம் முன்னோர். திருவள்ளுவர் 'வலியறிதல்' என்றே ஓர் அதிகாரம் வகுத்து, மயிலிறகு ஏற்றிய வண்டியை அங்கே எடுத்துக்காட்டாக நிறுத்தினார். அவர் கண்ட அச்சும் மரத்தாலானது. இன்று நாம் காணும் இறக்கை உலோகத்தாலானது. இரண்டிற்கும் உரிய அறம் ஒன்றே.

ஏரிக்கரையில் நின்ற உழவர் வீடு திரும்புகிறார். மறுநாள் சந்தைக்குச் செல்ல வேண்டிய வண்டியில் மூட்டைகள் ஏற்றப்படுகின்றன. "இன்னும் ஒன்று ஏற்றலாமே" என்கிறான் மகன். அவர் அச்சினைக் குனிந்து பார்க்கிறார், மாடுகளைத் தடவிப் பார்க்கிறார், "போதும்" என்கிறார். மேலே, இருண்ட வானில், விளக்குகள் மின்ன இறங்கிச் செல்லும் விமானத்தினுள் இருவர் கருவிகளை நோக்கியபடி அளவுகளை ஒருவர்க்கொருவர் சொல்லிச் சரிபார்த்துக் கொண்டிருக்கின்றனர். அவர்களை நம்பி உறங்கும் பயணிகளுக்கு அச்சொற்கள் கேட்பதில்லை. ஆயினும், அவர்கள் கண்விழித்துத் தம் மக்களைக் காண்பது, வரம்பறிந்து "போதும்" என்று சொல்லத் தெரிந்த அவ்விருவராலேயே ஆகும்.