நான்கா, பத்தா?

சீன மொழியில் வேலை செய்த ஒருவன் ஊருக்கு வந்தால் அவனிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஆயிரக்கணக்குல எழுத்தாமே, அவ்ளோ பெரிய கீபோர்டா வெச்சிருக்காங்க?" இல்லை. நம்மிடம் இருக்கும் அதே கீபோர்டுதான். அதே இருபத்தாறு ஆங்கில எழுத்துகள்தான்.

ஷென்ஜென் நகரில் இரண்டு வருடம் மென்பொருள் எழுதினேன். அங்கே பக்கத்து இருக்கைக்காரர் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பொழுதுபோக்கு. சொல்லின் உச்சரிப்பை ரோமன் எழுத்தில் அடிப்பார். இந்த எழுத்துமுறைக்குப் பெயர் பின்யின். அடித்தவுடன் கீழே ஒரு பட்டை விரியும். அந்த ஒலிக்குப் பொருந்தும் சீன எழுத்துகள் 1, 2, 3 என்று எண்ணிட்டு வரிசையாக நிற்கும். வேண்டியதன் எண்ணைத் தட்டினால் எழுத்து திரையில் ஏறிவிடும். "நி ஹாவ்" என்பதற்கு முழுசாகக்கூட அடிக்க வேண்டாம். முதலெழுத்துகளான என், எச் இரண்டும் போதும். மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

பின்யினைச் சீனத்தின் தேசிய மக்கள் மன்றம் அங்கீகரித்தது 1958 பிப்ரவரியில். அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் ஜோ யோகுவாங், படிப்பால் பொருளாதாரக்காரர். 111 வயது நிறைந்த மறுநாள், 2017 ஜனவரியில் இறந்தார். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பொது உச்சரிப்பைச் சொல்லித்தரத்தான் அந்த எழுத்து செய்யப்பட்டது. கணினியில் அடிப்பதற்காக அல்ல. அன்றைய சீனத் தட்டச்சுப்பொறியில் கீபோர்டே கிடையாது. சுமார் 2,500 ஈய அச்சுகள் அடுக்கிய தட்டு இருக்கும். வேண்டிய அச்சைத் தேடி, நெம்புகோலை அதன்மேல் கொண்டுபோய் அழுத்த வேண்டும்.

கணினி வந்தபோதும் பின்யின் உடனே ஜெயிக்கவில்லை. 1980இல் வந்த அரசுத் தரப்பட்டியலில் மட்டும் 6,763 எழுத்துகள். இவற்றை எப்படி உள்ளே அனுப்புவது? வாங் யோங்மின் 1983இல் 'வூபி' என்ற முறையைக் கொண்டுவந்தார். எழுத்தின் உறுப்புகளை 25 விசைகளில் பகிர்ந்து வைத்து, உருவத்தைப் பிரித்து அடிக்கும் முறை. உச்சரிப்பே தெரியாவிட்டாலும் அடிக்கலாம். பழகியவர் கை பறக்கும். ஆனால் பழகுவதற்கு மாதக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டும். பின்யினைப் பள்ளிக்கூடமே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. வாக்கியம் முழுவதையும் பார்த்து ஊகிக்கும் மென்பொருள்கள் வந்த பிறகு போட்டி முடிந்துபோனது.

இங்கேதான் தொனி வருகிறது. மாண்டரினில் நான்கு தொனிகள். முதலாவது, மேலேயே நீட்டி நிற்பது. இரண்டாவது, நாம் "ஆமாவா?" என்று கேட்கும்போது குரல் ஏறுமே, அது. மூன்றாவது, தாழ்ந்து போய் எழுவது. நான்காவது, "போ!" என்று அதட்டும்போது விழுவது. தமிழில் குரல் ஏறி இறங்கினால் உணர்ச்சி மாறும். அங்கே சொல்லே மாறும். 'மா' முதல் தொனியில் அம்மா, இரண்டாவதில் சணல், மூன்றாவதில் குதிரை, நான்காவதில் திட்டுவது. 'மாய்' மூன்றாவதில் வாங்குவது, நான்காவதில் விற்பது. வியாபாரத்தின் இரண்டு முனைகளும் ஒரே அசை. தொனியை விட்டுவிட்டால் அந்த மொழியில் மொத்தமே சுமார் 400 அசைகள்தான். சேர்த்துக்கொண்டால் ஏறத்தாழ 1,300. யுவான் ரென் சாவ் என்ற மொழியியலாளர் 'ஷி' என்ற ஒரே அசையை மட்டும் வைத்து, தொனிகளை மாற்றி மாற்றி, சிங்கம் தின்ற கவிஞன் ஒருவனின் கதையை எழுதினார். 90க்கும் மேற்பட்ட எழுத்துகள். கண்ணால் படித்தால் புரியும், காதால் கேட்டால் ஒன்றும் புரியாது.

இவ்வளவு முக்கியமான தொனியைப் பெரும்பாலான பின்யின் மென்பொருள்கள் கேட்பதே இல்லை என்பது எனக்கு ஆரம்பத்தில் நம்ப முடியாததாக இருந்தது. தைவானில் அப்படியில்லை. அங்கே பயன்படும் 'ஜூயின்' கீபோர்டில் தொனிக்கென்றே விசைகள் உண்டு. 3, 4, 6 மூன்றும் தொனிகள், முதல் தொனிக்கு ஸ்பேஸ். பின்யின்காரர்களோ எண் விசைகளைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கக் கொடுத்துவிட்டார்கள். மொழி கற்கும் மாணவர்கள் தொனியைக் குறிக்க 'மாய்3', 'மாய்4' என்று எண் போட்டு எழுதுவார்கள். அதே 3, அதே 4. திரையில் மட்டும் அவை "மூன்றாவது எழுத்தைக் கொடு", "நான்காவது எழுத்தைக் கொடு".

பொறியாளனாக யோசித்தால் இதில் தப்பே இல்லை. ஒற்றை அசையில் குழப்பம் அதிகம். இரண்டு மூன்று அசை சேர்ந்தால் குழப்பம் சட்டென்று வடிந்துவிடும். எந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்ற நிகழ்தகவு கையில் இருந்தால் தொனி இல்லாமலே வாக்கியம் கூடிவரும். 'ஷுய்ஜியாவ்' என்று அடித்தால் தூங்குவதும் வரும், கொழுக்கட்டை மாதிரி ஒன்றை வேகவைத்துத் தருவார்களே, அதுவும் வரும். இரவு பதினொரு மணிக்கு "நான் போய்" என்பதற்குப் பின்னால் அடித்தால் எது என்று மென்பொருளுக்குத் தெரியும். தெரியாமல் வந்து விழுந்த தவறுகளையும் சீனர்கள் விட்டுவைக்கவில்லை. 'சோகம்' என்ற சொல்லும் 'குவளை' என்ற சொல்லும் தொனி உட்பட ஒன்றே. ஒரு காலத்தில் இணையத்தில் வாழ்க்கை சோகமானால் "குவளை" என்று எழுதிச் சிரித்தார்கள்.

ஆனால் கற்றுக்கொள்பவனுக்கு இந்த வசதி ஒரு குழி. ஆறே மாதத்தில் என்னால் சீனத்தில் அலுவலக மின்னஞ்சல் எழுத முடிந்தது. வாயைத் திறந்தால் வேறு கதை. பட்டியலைப் பார்த்து எழுத்தை அடையாளம் காணத் தெரியும், அவ்வளவுதான். தொனி எனக்குள் நுழைவதற்கு எந்தக் காரணத்தையும் கீபோர்டு தரவில்லை. அதனால் தொனி எண் போடாவிட்டால் ஏற்றுக்கொள்ளாத ஒரு சின்ன நிரலை எனக்காக எழுதிக்கொண்டேன். 'மா3' என்று அடித்தால் உயிரெழுத்தின் தலையில் குறி போட்டுத் தரும். குறி எங்கே விழ வேண்டும் என்பதற்கு அழகான விதி இருக்கிறது. ஏ அல்லது ஈ இருந்தால் அதன்மேல். ஓ-யூ சேர்ந்து வந்தால் ஓ-வின்மேல். இல்லையென்றால் கடைசி உயிரின்மேல். நான்கைந்து வரிதான். அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய வேலை. குறி போட்ட எழுத்தை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எழுத்து தனி குறி தனி என்றும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தமிழில் 'கொ'வுக்கு உள்ள அதே சிக்கல். ஷென்ஜென் அறையில் அதைப் பார்த்தபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தொழில்நுட்பமாகவே இருந்திருக்கும், என் அணியில் இருந்த சிச்சுவான்காரரின் அம்மாவைச் சந்திக்காமல் இருந்தால். பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்தார். நான் 'ஆயி' என்று கூப்பிடுவேன். அங்கே சித்தி வயதுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆயிக்குப் பின்யின் தெரியாது. கைபேசிக் கண்ணாடியில் விரலால் ஒவ்வொரு கோடாக எழுதுவார். ஒரு செய்தி அனுப்பக் கால்மணி நேரம் ஆகும்.

மகன் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். நடக்கவில்லை. ஆயி பேசும் சிச்சுவான் பேச்சில் நாக்கை மடித்துச் சொல்லும் 'ஷ', 'ஜ்ஹ' கிடையாது. நகரமும் லகரமும் கலந்துவிடும். பின்யினோ பெய்ஜிங் உச்சரிப்பின்படி எச் எழுத்தைப் போடு என்கிறது. இதற்காகவே மென்பொருளில் 'மங்கலான ஒலி' என்று ஒரு அமைப்பு உண்டு. அதைத் தட்டிவிட்டால் 'ஸ', 'ஷ' இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயர்தான் எனக்கு உறுத்தியது. யார் ஒலி மங்கல்?

நான்கு என்பது பொதுமொழியில் நான்காம் தொனியில் 'ஸி'. பத்து என்பது இரண்டாம் தொனியில் 'ஷி'. ஆயி வாயில் இரண்டுமே 'ஸி'தான். ஆனால் அவர் ஒருபோதும் குழம்பியதில்லை, அவரிடம் காய் விற்பவரும் குழம்பியதில்லை. தொனி வேறு. அதுவும் பெய்ஜிங் தொனி அல்ல, அவர்கள் ஊர் ஏற்ற இறக்கம். நாக்கு விட்டுக்கொடுத்ததைத் தொனி தாங்கிப் பிடிக்கிறது. கீபோர்டைப் பாருங்கள். அவரிடம் இல்லாத எச்சைக் கேட்கிறது, அவரிடம் இருக்கும் தொனியைக் கேட்கவே மறுக்கிறது.

சாத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் வாழைப்பழம் 'வாளப்பளம்'தான். ரோமன் எழுத்தில் தமிழ் அடிக்கப் பழகியபோது ழகரத்துக்கு இசட்டைத் தேடி அழுத்த வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத் தமிழ் உதவியது. என் பாட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. ஒலியை வைத்து அடிப்பது எளிது என்கிறோமே, எளிது யாருக்கு என்றால், பாடப்புத்தகத்தின் ஒலி யார் வாயில் இருக்கிறதோ அவருக்கு.

ஒருநாள் மகன் தன் பிள்ளையின் மருத்துவப் படிவத்தைக் கையால் நிரப்பிக்கொண்டிருந்தார். 'தும்மல்' என்று எழுத வேண்டும். பேனா நின்றுவிட்டது. பேனாவைத் தூக்கினால் எழுத்து மறக்கும் என்று இதற்குச் சீனத்தில் ஒரு தொடரே இருக்கிறது. கைபேசியை எடுத்துப் பின்யினில் அடித்து, வந்ததைப் பார்த்து வரையலாம், எல்லோரும் செய்வதுதான். அவர் அம்மாவைக் கேட்டார்.

ஆயி சாப்பாட்டு மேசையின் மேல் ஈர விரலால் எழுதிக் காட்டினார். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், ஒரு கோடும் பிசகவில்லை. மகன் பார்த்து எழுதி முடிப்பதற்குள் முதல் கோடு காய்ந்துவிட்டது. "மறுபடி எழுதும்மா" என்றார்.