திரையில் எழுதிக் காட்டும் கேள்விகள்

அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்பதை வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 'கோடீஸ்வரி' நிகழ்ச்சிதான் கண்டுபிடித்துக் கொடுத்தது.

2019 டிசம்பர் கடைசியில் கலர்ஸ் தமிழில் அது தொடங்கியது. ராதிகா நடத்தினார். பெண்கள் மட்டும் கலந்துகொள்ளும் போட்டி. 2000-இல் சன் டிவியில் சரத்குமார் இதே விளையாட்டைக் 'கோடீஸ்வரன்' என்று நடத்தியது அப்பாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "புருசன் விட்ட எடத்துல பொண்டாட்டி வந்து ஒக்காந்துட்டாங்க" என்று தானே சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

அதற்கு முன்பே அவர் தொலைக்காட்சி நாடகங்களை விட்டிருந்தார். "எல்லாம் ஒரே அழுகைலா" என்பார். பட்டிமன்றம் போட்டால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். செய்தியைப் பத்திரிகையில் மட்டும் படிப்பார். ரசனை மாறிவிட்டது, வயசானால் அப்படித்தான் என்று நினைத்தோம். புதிர்ப்போட்டி என்றால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்காருவார்.

ஒருநாள் அம்மா தொலைபேசியில் பேசுவதற்காகச் சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். நான் குளித்துவிட்டு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. திரையில் ராதிகாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அப்பா விரலை நீட்டி, "பி... பி-தான்மா, யோசிக்காத" என்று போட்டியாளருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. கேள்வி எழுத்தில் வருகிறது, நான்கு விடைகளும் எழுத்தில் வருகின்றன, சரியான விடை பச்சையாக மாறுகிறது. காது கேட்காதவர் கடைசிவரை பார்க்கக்கூடிய நிகழ்ச்சி அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அப்பா ஜெலுத்தோங் ஃபிளாட்டிலிருந்து கிளம்பி, ஃபெரி பிடித்து பட்டர்வொர்த் போய், பிறையில் ஒரு தொழிற்சாலையில் 27 வருசம் பிரஸ் மிஷின் ஓட்டினார். தகடு வெட்டும் மிஷின். பள்ளி விடுமுறையில் ஒருமுறை சாப்பாடு கொடுக்கப் போய், வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் அதற்குள்ளே எட்டு மணி நேரம் நின்றார்.

பரிசோதித்த டாக்டர் சொன்னது எங்களுக்குப் புதிது. பெரிய சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகுமாம். ஆண்களின் கனத்த குரல் ஓரளவு கேட்கும். பெண்கள், குழந்தைகள் பேசுவது தேய்ந்துபோகும். ச, த, ப எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். "பக்கத்து வீட்டு அங்கிள் கூப்பிட்டா ஒரே குரல்ல திரும்புறாரு, நான் சொன்னா மட்டும் ஏறாது" என்று அம்மா இருபது வருசமாகச் சொல்லிவந்த புகாருக்கு இதுதான் காரணம். கிளினிக்கில் அம்மா ஒன்றும் பேசவில்லை. நானும்தான். "செவிட்டுத்தனம் பண்ணாதீங்கப்பா" என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

2020 ஜனவரி 21-ஆம் தேதி ஒளிபரப்பான பகுதியை இந்தப் பின்னணியில்தான் பார்த்தோம். மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா. வயது 31. மதுரை முதன்மை மாவட்ட நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளர். பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேச முடியாது. நாகர்கோவிலில் காது கேளாதோருக்கான பள்ளியில் படித்தவர். நடத்துபவரின் உதட்டைப் படித்தார், கையால் பேசினார், பதினைந்து கேள்விகளையும் கடந்து ஒரு கோடி ரூபாய் வென்றார். அந்த நிகழ்ச்சியின் முதல் கோடீஸ்வரி அவர்தான். எங்கள் பணத்துக்கு அப்போது ஐந்தரை லட்சம் வெள்ளிக்கு மேல்.

அப்பா அன்றைக்கு விடை எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பர இடைவேளையில், "அவுங்க மூஞ்சிய பாத்தியா? எதிர்ல இருக்கிறவங்க வாய விட்டு கண்ண எடுக்கல. நானும் அப்படித்தான்" என்றார். ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற குரல். பல வருசமாக எங்கள் உதடுகளைப் படித்துத்தான் சமாளித்திருக்கிறார். நாங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசியதெல்லாம் அவருக்கு வந்து சேரவே இல்லை.

பிறகு நான் இந்த விளையாட்டுகளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவின் 'ஜெப்பர்டி'யில் 1999-இல் எடி டிமானஸ் என்ற பார்வையற்ற விளையாட்டுச் செய்தியாளர் தொடர்ந்து ஐந்து ஆட்டங்கள் வென்றிருக்கிறார். தலைப்புகளை பிரெய்லில் அச்சடித்துக் கொடுத்தார்களாம். படத்தைக் காட்டிக் கேட்கும் கேள்விகளை எடுத்துவிட்டார்களாம். அங்கே காது போதும், இங்கே கண் போதும். அறிவுக்கு எந்த வாசல் வழியாக வந்தாலும் சரிதான் போல. ஆனால் வாசலை யாராவது திறந்து வைத்திருக்க வேண்டும்.

ஜெப்பர்டியில் ஒருவர் தோற்கும்வரை வந்துகொண்டே இருக்கலாம் என்று 2003-இல் விதியை மாற்றினார்கள். அடுத்த வருசமே கென் ஜென்னிங்ஸ் என்ற மென்பொருள் பொறியாளர் 74 ஆட்டம் வென்று 25 லட்சம் டாலரைத் தாண்டினார். இவர் சின்ன வயதில் கொரியாவிலும் நம் பக்கத்துச் சிங்கப்பூரிலும் வளர்ந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் அசட்டுப் பெருமை. 2011-இல் ஐபிஎம்மின் வாட்சன் கணினியிடம் தோற்றார். இப்போது அதே நிகழ்ச்சியை அவர்தான் நடத்துகிறார். விடை சொல்வதே அவருக்கு ஒரு தொழிலாகிவிட்டது.

கோடி ரூபாய் விளையாட்டில் அப்படி இல்லை. ஒரு நாற்காலி, ஒரு ராத்திரி, பிறகு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வீட்டுக்குப் போன கதையை வெளிப்படையாக எழுதியவர் பீகார் மோத்திஹாரியின் சுஷில் குமார். மாதம் 6,000 ரூபாய் சம்பளத்தில் ஊரக வேலைத் திட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவர். 2011-இல் அமிதாப் பச்சன் முன்னால் உட்கார்ந்து ஐந்து கோடி வென்றார். 2020-இல் ஃபேஸ்புக்கில் அவர் எழுதியதைப் படித்தேன். வென்ற பிறகு வந்ததுதான் தன் வாழ்க்கையின் மோசமான காலம் என்கிறார். தெரியாமல் தானம் செய்யப் போய்ப் பலரிடம் ஏமாந்திருக்கிறார். குடி, சிகரெட், மனைவியோடு சண்டை, சினிமா எடுக்கும் ஆசையில் மும்பை. ஒரு பத்திரிகையாளர் நச்சரித்தபோது எரிச்சலில், பணமெல்லாம் தீர்ந்துவிட்டது, இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். செய்தி பரவியதும் விழாக்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்களாம். அதுதான் அவருக்கு மூச்சுவிட நேரம் கொடுத்திருக்கிறது. ஊருக்குத் திரும்பி ஆசிரியரானார். சம்பாரண் மாவட்டத்துக்குப் பெயர் தந்த செண்பக மரத்தை வீடு வீடாக நட ஆரம்பித்தார்.

இதை அப்பாவிடம் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "அந்த ரெண்டு மாட்டுப் பொய்தான் அவர் சொன்னதுலயே சரியான வெட" என்றார்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பிறகு எல்லாரும் முகக்கவசம் போட்டார்கள். நோய்த்தொற்றைப் பற்றி எவ்வளவோ பேசினோம், உதடு மறைந்துபோனதைப் பற்றி யாரும் பேசவில்லை. முப்பது வருசமாகக் கோப்பி வாங்கிய ஒட்டுக்கடையில் அப்பா காசை நீட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரர் என்னவோ கேட்டார். அப்பா தலையாட்டினார். சீனி போட்ட கோப்பி வந்தது. அவருக்குச் சர்க்கரை நோய். திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவுதொட்டியில் ஊற்றினார். அதற்குப் பிறகு தனியாகக் கீழே இறங்கவில்லை.

கௌசல்யா கார்த்திகா அந்த மாதங்களை மதுரையில் எப்படிக் கடந்திருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வந்தேன். முதலில் சாதாரணமாகத்தான் எழுதினேன். 'சாப்பிட என்ன வேண்டும்?' அவர் தோளைக் குலுக்கினார். அடுத்த நாள் கொஞ்சம் மாற்றினேன்.

'இன்றைய பசியாறல்: ஏ) தோசை பி) ரொட்டி சானாய் சி) மீ கோரேங் டி) நேற்றைய சோறு.'

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஏ" என்றார். 'லாக் பண்ணலாமா?' என்று எழுதினேன். "லாக்" என்றார்.

வீட்டின் எல்லா விசயமும் பலகைக்கு வந்தது. தண்ணிமலைக்கு எப்போது போவது, கரண்டு பில்லை யார் கட்டுவது, மாமா மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய். அம்மா, "இவருக்கு நாலு வெட குடுத்தாத்தான் வாயே தொறக்குது" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் மார்க்கர் தீர்ந்தால் முதலில் கேட்பதும் அவர்தான்.

காது மிஷின் விசயத்தை மட்டும் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போட்டால் கிழவன் என்பார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம். விலையும் குறைச்சல் இல்லை. போன தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதினேன்.

'காது மிஷின்: ஏ) இடது பி) வலது சி) இரண்டும் டி) வேண்டாம்.'

ரொம்ப நேரம் பலகையைப் பார்த்தார். விரல் டி பக்கம் போய் நின்றது. 'லாக்' என்று நான் எழுதப் போனபோது கையை உயர்த்தி நிறுத்தினார். சமையலறைப் பக்கம் திரும்பி, தனக்கே கேட்காத அந்தக் குரலில் அம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. ஒரு லைஃப்லைன் வேணும்."